இரண்டரை அடி

நாலாங் கொலனிப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை.
ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில்
நேற்றைய கணக்கு அழிபடாமல் கிடக்கிறது:
ஒரு ரொட்டியை மூன்று பேருக்குப் பிரி.
அதன் கீழே நாங்கள் மூன்று பேர்,
முழங்கால் இடிக்கும் குட்டி மேசைகளில்,
மத்தியஸ்த சபை.

தீர்ப்பெழுத எங்களுக்கு அதிகாரமில்லை.
கூண்டில்லை, கறுப்புக் கோட்டில்லை.
வழக்காளிகள் இருவரும் ஒரே வாங்கில்
பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.
சிலருக்கு அதுவே தண்டனை.

இன்றைக்குக் கிணறு.

உதுமாலெவ்வை வரைபடத்தை விரிக்கிறார்.
மடிப்பெல்லாம் ஒட்டுநாடா.
"கிணறு இரண்டரை அடி என்ட காணிக்குள்ள இரிக்கி.
ஆரு வெட்டினதெண்டு நான் கேக்கல்ல.
கோட்டைப் பாருங்க."

நேசமலரிடம் கடதாசி இல்லை.
"எங்கட அப்பா வெட்டின கிணறு.
பாறையில வளைஞ்ச அலவாங்கு
இன்னும் வீட்டில கிடக்கு."
வளைந்த அலவாங்கு
எந்தச் சட்டத்தில் சாட்சி?

தலைவர் அபூசாலி மாஸ்டர் என்னைப் பார்க்கிறார்.
நில அளவைத் திணைக்களத்தில்
முப்பத்தொரு வருசம் சங்கிலி இழுத்தவன் நான்.
எல்லை என்றால் என் பக்கம் திரும்புவது அவர் வழக்கம்.

வரைபடத்தின் மூலையில் தேதி:
எண்பத்திரண்டு, வைகாசி.
என் கை குளிர்ந்தது.
அந்த முளையை அடித்தவன் நான்.

சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"அண்டைக்கு வாய்க்கால் உடைச்சு
அந்த மூலை முழுக்கச் சேறு.
மூணு தரம் அடிச்சம், மூணு தரமும் முளை சரிஞ்சிற்று.
சேவையர் ஐயாவுக்குப் பசி.
'இஞ்சால தறை கெட்டி, இதில அடி' எண்டார்.
அடிச்சன்."

மின்விசிறி மட்டும் கடகடத்தது.
வங்கியும் கந்தோரும் இத்தனை காலம்
கைகட்டி மதித்த கோடு,
ஒரு மனிசனின் மத்தியானப் பசி.

"இது தெரிஞ்ச நான் இந்தக் கதிரையில இரிக்கேலாது"
என்று எழும்பினேன்.
"இரியுங்க," என்றார் மாஸ்டர்.
"நீதிமன்றத்தில இது எடுபடாது.
அங்க வரைபடம் வரைபடம்தான்."

உதுமாலெவ்வை வரைபடத்தை மடித்தார்.
மடித்தபடியே, யாரையும் பாராமல்:
"இரண்டரை அடி எனக்கு என்னத்துக்கு?
என்ட மனிசி மௌத்தான ராவு
மையித்துக் குளிப்பாட்டத் தண்ணிக்கு
வாளியோட போறன்.
கிணத்து மூடியில பூட்டு."

ஆறு மாத வழக்கு
அப்போதுதான் வாய் திறந்தது.

நேசமலர் நெடுநேரம்
சேலைத் தலைப்பை முறுக்கினாள்.
"காக்கா, அண்டைக்கு நான் கல்முனை ஆஸ்பத்திரியில.
மகனுக்கு டெங்கு. திறப்பு என்ட பையில.
மோட்டரைக் கள்ளன் தூக்குவான் எண்டு பூட்டினது.
உங்களுக்குப் பூட்டல்ல."

"வந்து செல்லியிருக்கலாமே."

"வந்தன். நீங்க கேற்றைத் திறக்கல்ல."

இரண்டும் உண்மை.
இரண்டு உண்மைக்கு நடுவே
எந்தச் சங்கிலியைப் பிடித்து அளப்பது?
பிறேமாவதி மிஸ் தண்ணீர்ப் போத்தலை
அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார்.
ஒருவரும் தொடவில்லை.

பிறகு திறப்பு மேசைக்கு வந்தது.
சிவப்பு நூல் கட்டிய சின்னத் திறப்பு.
உதுமாலெவ்வை அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.
"இன்னொண்டு வெட்டித் தாங்க, தங்கச்சி.
இது உங்கட கையிலயே இரிக்கட்டும்."
"வெட்டுற காசு?" என்றாள்.
"பாதி பாதி."

இணக்கமின்மைச் சான்றிதழ்ப் படிவத்தால்
மாஸ்டர் முகத்துக்கு விசிறிக்கொண்டார்.
இருவரும் கையெழுத்திட்டு
இரண்டு வாசலால் போனார்கள்.
கதைத்துக்கொண்டு போனார்கள் என்று
பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த கிழமை அந்த வழியால் சைக்கிளில் போனேன்.
வரைபடத்தில் கிணறு இன்னும் அவருடையதுதான்.
முளை நின்ற இடத்தில் இப்போது எல்லைக்கல்.
பிழையான இடத்தில், நல்ல உறுதியாக.
அதன் மேல் ஒரு வாளி கவிழ்ந்து காய்ந்தது.
யாருடையது என்று
இறங்கிப் பார்க்கவில்லை.